பிலிப்பைன்ஸ் பாட்டுக்கு இன்னொரு தடவை காது கொடுக்கலாமா? பினி குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். 2024 நடுவிலிருந்து என் போனில் அதிகம் ஓடுவது எட்டுப் பெண்கள் பாடும் தகலோக் பாட்டுகள்தான். வீட்டில், நண்பர்கள் குழுவில், ரயிலில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

பினி என்றால் யார்?

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த எட்டுப் பேர் கொண்ட பெண்கள் பாப் குழு. ஆயா, கொலெட், மலோய், க்வென், ஸ்டேசி, மிக்கா, ஜோவன்னா, ஷீனா. தகலோக் மொழியில் 'பினிபினி' என்றால் இளம்பெண், செல்வி. அதைச் சுருக்கிப் பினி ஆக்கினார்கள். 2021 ஜூன் 11 அன்று குழு முறைப்படி அறிமுகமானது. நாடு முழுக்க அவர்கள் பெயர் தெரிய வந்தது 2024இல்தான். ரசிகர்களுக்கு 'ப்ளூம்' என்று பெயர்.

'இன்னொரு தடவை' என்கிறீர்களே, முதல் தடவை என்ன ஆயிற்று?

முதல் தடவை நான் ஒழுங்காகக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆசிய நகரங்களில் நட்சத்திர ஹோட்டல் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். மேடையில் ஒரு பிலிப்பைன்ஸ் பேண்ட், நான்கைந்து பேர், அசத்தலான குரல்கள். பாடுவதெல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் பாட்டுகள். ஒரு சுரம் பிசகாது. கேட்டு ரசித்துக் கை தட்டிவிட்டு வந்துவிடுவோம். அப்படியே பல வருடம் கேட்டதில், 'இவர்கள் அற்புதமாகப் பாடுவார்கள், ஆனால் அடுத்தவர் பாட்டைத்தான் பாடுவார்கள்' என்று என் மனதில் பதிந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு தோழி அவர்கள் ஊர்ப் பாட்டுகள் சிலவற்றை அனுப்பினார். மூன்றும் பியானோவில் தொடங்கும் மெதுவான காதல் சோகப் பாட்டுகள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, நல்லா இருக்கு என்று பதில் போட்டேன். அதோடு பத்து வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

உலகமும் பெரும்பாலும் அவர்களை அப்படித்தான் பார்த்திருக்கிறது. லியா சலோங்கா 1989இல் லண்டன் மேடையில் புகழ் பெற்றது ஒரு வெளிநாட்டு இசை நாடகத்தில். ஆர்னெல் பினெடா மணிலாவில் பாடிய வீடியோக்களை இணையத்தில் பார்த்துத்தான் 2007இல் 'ஜர்னி' என்ற அமெரிக்க ராக் குழு அவரைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டது. இரண்டுமே பெருமைக்குரிய கதைகள். ஆனால் குரல் மட்டும் அவர்களுடையது, பாட்டு வேறு யாருடையதோ. அவர்கள் மொழியில், அவர்கள் எழுதிய பாட்டை உட்கார்ந்து கேட்க நாம் எத்தனை பேர் மெனக்கெட்டோம்?

சரி, மனது எப்படி மாறியது?

2024 ஜூலையில் ஒரு பிறந்தநாள் விழா. அதே தோழியின் மகளுக்கு ஏழு வயது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நான்கு மேசை, ஒரு பெரிய தட்டில் பான்சித் நூடுல்ஸ், மூலையில் வீடியோகே பெட்டி, அதாவது திரையில் வரிகள் ஓட நாம் பாடும் கரோக்கே. வழக்கம்போல் யாராவது ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். சிறுமிகள் ஐந்து பேர் ஓடி வந்து பினியின் 'பான்ட்ரோபிகோ' போடச் சொன்னார்கள்.

பாட்டு தொடங்கியதும் சிறுமிகள் மட்டும் ஆடவில்லை. சமையலறைப் பக்கம் இருந்த அம்மாக்கள் கையில் கரண்டியோடு வந்துவிட்டார்கள். கேக் பெட்டி மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள், அதில் பத்தாங்காஸ் மாகாணத்திலிருந்து பாட்டி வீடியோ அழைப்பில் இருந்தார். திரையில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. திடீரென்று முகம் மறைந்து இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகள் பேத்தி செய்த அதே அசைவை, அரை நொடி தாமதமாகச் செய்துகொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடியிருக்கிறார். மூன்று தலைமுறைக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. எல்லோரும் தங்கள் சொந்த மொழியில் கத்திப் பாடினார்கள். அத்தனை வருடப் பழக்கத்தில் இவர்கள் இப்படிப் பாடி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மொழி புரியாதே, என்ன செய்ய?

என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். எனக்குப் பதில் சொல்ல மிகவும் பிடித்ததும் இதுதான். தமிழ் தெரிந்தவருக்குத் தகலோக் எதிர்பார்ப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு மொழிக்குடும்பம்தான், உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி சில இடங்கள் வரும்.

பினியின் பாட்டு ஒன்றின் தலைப்பு 'ஹுவாக் முனா தாயோங் உமுவி'. ஹுவாக் என்றால் வேண்டாம். முனா என்றால் இப்போதைக்கு. உமுவி என்றால் வீடு திரும்புவது, அதற்கென்றே தனி வினைச்சொல். நடுவில் இருக்கிற 'தாயோ'வைப் பாருங்கள். தகலோக்கில் நம்மைப் போலவே 'நாம்', 'நாங்கள்' இரண்டும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் தாயோ, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் காமி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கில வரிகளோடு பார்க்கிறவருக்கு அந்த இடம் தட்டையாகிவிடும். நமக்கு அப்படி இல்லை. 'நாம் இப்போதைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்லும்போது, அந்த 'நாம்' என்பதில்தான் முழுக் காதலும் இருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த அன்று அந்தத் தலைப்பையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அப்புறம் 'போ' என்ற ஒட்டு. மரியாதைக்காகச் சேர்ப்பது. சலாமாத் என்றால் நன்றி, சலாமாத் போ என்றால் நன்றிங்க. நம் 'ங்க' செய்கிற வேலையை அது அங்கே செய்கிறது. பினி பெண்கள் பேட்டிகளில் பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு 'போ' விழும்.

புணர்ச்சி கூட உண்டு. 'பன்சா' என்றால் நாடு. 'பாங்' என்ற முன்னொட்டு அதோடு சேரும்போது 'பம்பன்சா' ஆகிறது, தேசிய என்று பொருள். த, ட போன்ற ஒலி வரும் இடத்தில் பாங் என்பது பான் ஆகிவிடும். செம்மை கல்லோடு சேர்ந்து செங்கல் ஆவதும், தமிழோடு சேர்ந்து செந்தமிழ் ஆவதும் போலத்தான். வாயில் அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மூக்கொலி மாறிக்கொள்கிறது. 'பான்ட்ரோபிகோ' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இலக்கணம்தான் நினைவுக்கு வரும்.

இன்னும் உண்டு. முகத்துக்கு 'முகா', நம்பிக்கைக்கு 'ஆசா', காட்டுத் தேவதைக்கு 'திவாதா'. வடமொழியிலிருந்து கடல் வழியாகப் போன சொற்கள் இவை. மேலே சொன்ன பன்சாவே நம் வம்சம்தான். மாம்பழத்துக்கு 'மாங்கா' என்பார்கள், அது நம் மாங்காய் மலாய் வழியாகப் போனது.

அதனால் மொழி புரியாது என்று ஒதுங்க வேண்டாம். பத்துச் சொல் தெரிந்தால் போதும், பாட்டின் கதவு திறந்துவிடும்.

கொரியாவைப் பார்த்துச் செய்த காப்பிதானே?

பயிற்சி முறை அங்கிருந்து வந்தது, அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனம் 'ஸ்டார் ஹண்ட் அகாடமி' என்ற பெயரில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கொரியப் பயிற்சியாளர்களையும் உள்ளூர் ஆசிரியர்களையும் வைத்து ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்தது. குழுவாக ஆடும் ஒழுங்கு, யாருக்கு எந்த வரி என்ற பங்கீடு, ரசிகர் கூட்டத்துக்கு ஒரு பெயர், கையில் பிடிக்கும் விளக்கு, எல்லாம் கே-பாப் பாணிதான். பிலிப்பைன்ஸில் கே-பாப் ரசிகர்கள் ஏராளம். 2என்இ1 என்ற கொரியப் பெண்கள் குழுவின் சாண்டரா பார்க் கொரியாவில் பெயர் வாங்குவதற்கு முன் 2004இல் மணிலா டிவிப் போட்டியில்தான் முதலில் புகழ் பெற்றார். அந்த உறவு பழையது.

ஆனால் பயிற்சி வேறு, பாட்டு வேறு. பரதமும் கதக்கும் ஒரே கண்ணாடி அறையில் பழகினாலும் ஒன்றாகிவிடாது, இல்லையா? பினியின் நல்ல பாட்டுகளில் கேட்பது வேறு ஊரின் காற்று. குந்திமான் என்ற பழைய காதல் பாட்டு மரபு அங்கே உண்டு. ஜன்னலுக்குக் கீழே நின்று பெண்ணுக்காகப் பாடும் ஹரானா என்ற வழக்கமும் இருந்தது. 'கிலிக்' என்று ஒரு சொல் இருக்கிறது. மனதுக்குப் பிடித்தவரைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஓடும் அந்தச் சிலிர்ப்பு. ஆக்ஸ்போர்டு அகராதியே 2016இல் அதைச் சேர்த்துக்கொண்டது. பினியின் 'லாகி', 'சலாமின் சலாமின்' இரண்டும் தலை முதல் கால் வரை கிலிக். கொரியப் பாட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது மெருகும் கம்பீரமும். இங்கே வெட்கமும் சிரிப்பும் கூடுதல்.

2021இல் வந்தவர்கள் 2024 வரை எங்கே இருந்தார்கள்?

பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் குறைவு.

அவர்கள் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கொரோனா வந்து எல்லாம் திரைவழி வகுப்பாக மாறிவிட்டது. 2020 மே 5 அன்று ஏபிஎஸ்-சிபிஎன் ஒளிபரப்பு உரிமம் முடிந்து சேனல் நின்றது. ஜூலை 10 அன்று நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்ற கணக்கில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த சேனலுக்கு, தன் புதிய குழுவை அறிமுகப்படுத்தும் நேரத்தில் அந்த அலைவரிசையே கையில் இல்லை.

அந்த ஆண்டு கடைசியில் அறிமுகத்துக்கு முன்னோட்டமாக ஒரு பாட்டு வந்தது. ரயான் கயாபியாப் இசையமைத்த பழைய தேங்காய்ப் பாட்டு, 'டா கோகனட் நட்'. தென்னையின் ஒவ்வொரு பாகமும் எதற்கெல்லாம் உதவும் என்று அடுக்கும் குறும்புப் பாட்டு. பள்ளியில் தென்னை மரம் பற்றிக் கட்டுரை எழுதிய யாருக்கும் அது உடனே பிடித்துவிடும்.

2021இல் 'பார்ன் டு வின்' வந்தது. அதே பெயரில் ஆல்பமும் வந்தது. 2022இல் இரண்டாவது ஆல்பம், அதில்தான் லாகி. 2023இல் 'கரேரா', வாழ்க்கை ஓட்டப்பந்தயம் இல்லை, மூச்சு விடு என்று சொல்லும் பாட்டு. மேலே ஏற முடியாமல் தவித்த எட்டுப் பெண்கள் அதைப் பாடினார்கள் என்று தெரிந்து கேட்டால் மனதைப் பிசையும். கைவிட்டுவிடலாமா என்று யோசித்த நாட்களைப் பற்றி அவர்களே பின்னால் ஆவணத் தொடரில் பேசியிருக்கிறார்கள்.

2023 நவம்பரில் பான்ட்ரோபிகோ வெளியானது. வந்த உடனே ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் டிக்டாக்கில் அந்த ஆட்டம் பரவி, பள்ளி மைதானம், ஊர்த் திருவிழா, அலுவலக விருந்து என்று போய்ச் சேர்ந்தது. வெயில் காலம் வேறு தொடங்கியிருந்தது, கடற்கரைப் பாட்டுக்கு அதைவிட நல்ல நேரம் எது? சரியாக அப்போது, மார்ச்சில், 'தலாஅரவான்' என்ற சிறு ஆல்பமும் சலாமின் சலாமினும் வந்தன. தலாஅரவான் என்றால் நாட்குறிப்பு. புதிதாக வந்த ரசிகர்கள் பின்னால் திரும்பிப் பார்த்தபோது மூன்று வருடப் பாட்டுகள் அங்கே தயாராக இருந்தன. ஒரு பாட்டைக் கேட்டு வந்தவர்கள் ஒரு குழுவையே கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு எவ்வளவு தூரம் போனார்கள்?

2024 ஜூனில் முதல் தனிக் கச்சேரி, மூன்று நாள். ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் கேகான் என்ற கே-பாப் விழா மேடை. நவம்பரில் மணிலாவின் அரனெட்டா அரங்கம், மறுபடி மூன்று நாள், டிக்கெட் எல்லாம் தீர்ந்தது. அதே மாதம் எம்டிவி ஐரோப்பிய இசை விருதில் ஆசியாவின் சிறந்த கலைஞர். 2025 பிப்ரவரி 15 அன்று 55,000 பேர் கொள்ளும் பிலிப்பைன் அரீனாவில் உலகப் பயணத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பெரிய இசை விழாவான கோச்செல்லாவின் 2026 கலைஞர் பட்டியலிலும் அவர்கள் பெயர் வந்தது.

பிலிப்பைன்ஸ் மக்களே தங்கள் பாட்டை மதிக்கவில்லையா?

மதித்தார்கள், வெட்கமும் பட்டார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தன.

எழுபதுகளில் 'மணிலா சவுண்ட்' என்று ஓர் அலை கிளம்பியது. ஹாட்டாக் குழு, விஎஸ்டி அண்ட் கோ எல்லாம் அப்போதுதான். தகலோக்கும் ஆங்கிலமும் கலந்த தெருப்பேச்சில் டிஸ்கோ போட்டார்கள். 1978இல் ஃப்ரெடி அகிலார் 'அனாக்' பாடினார். அனாக் என்றால் பிள்ளை. பெற்றவர்களை உதறிவிட்டுப் போன பிள்ளையைப் பற்றிய பாட்டு. அது இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. ஓ.பி.எம். என்று சுருக்கமாகச் சொல்லும் 'ஒரிஜினல் பிலிப்பினோ மியூசிக்' என்ற பெயரும் அந்தத் தலைமுறை தந்ததுதான்.

ஆனால் வானொலியில் வெளிநாட்டுப் பாட்டே நிறைந்திருந்தது. அதனால் 1987 ஜூலையில் அதிபர் கொராசோன் அகினோ நிர்வாக ஆணை 255 பிறப்பித்தார். பாட்டு ஒலிபரப்பும் நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் குறைந்தது நான்கு சொந்த நாட்டுப் பாட்டுகளைப் போட வேண்டும். ஒரு நாடு தன் பாட்டைத் தானே கேட்பதற்கு ஆணை போட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

'பதுய்' என்று ஒரு சொல் உண்டு. நாம் பட்டிக்காட்டுத்தனம் என்று உதட்டைச் சுழிப்போமே, அதுதான். தகலோக்கில் துள்ளலாக யாராவது ஆடிப் பாடினால் நகரத்து இளைஞர்கள் பதுய் என்று தள்ளிவிடுவார்கள். என் தோழியே கல்லூரி நாட்களில் சொந்த ஊர்ப் பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டதாகச் சொன்னார். இப்போது மகளின் பிறந்தநாளில் ஸ்பீக்கரில் போடுகிறார். எனக்கு விருது கணக்கைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு முன் அங்கே பெண்கள் குழுக்கள் இல்லையா?

இருந்தன. மதிய நேர டிவி நிகழ்ச்சியில் ஆடிப் பிரபலமான செக்ஸ்பாம் கேர்ள்ஸ் 2000களில் நாட்டையே ஆட வைத்தார்கள். 2018இல் ஜப்பானிய ஏகேபி48 குழுவின் கிளையாக எம்என்எல்48 வந்தது. இன்றைக்கு ஜி22, காயா என்று வேறு குழுக்களும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பாதை போட்டதில் ஆண்கள் குழுவான எஸ்பி19க்குப் பெரிய பங்கு. 2018இல் அறிமுகமாகி, 2019இல் 'கோ அப்' மூலம் அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் பலரும் வந்தார்கள். எஸ்பி19ஐச் சொல்லாமல் பினியை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

நிஜமாகவே பாடுகிறார்களா, வாயசைக்கிறார்களா?

பாடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் ரசிகர்களிடம் வாயசைத்துத் தப்புவது கஷ்டம். வீட்டுக்கு வீடு வீடியோகே வைத்து வளர்ந்த ஊர், மேல் ஸ்தாயியில் உச்சந்தொடும் பாட்டுக்கு 'பிரித்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். விஷ் 107.5 என்ற வானொலி நிலையம் ஒரு பஸ்ஸைக் கண்ணாடிச் சுவர் கொண்ட ஒலிப்பதிவு அறையாக மாற்றி ஊரில் ஓட்டுகிறது. அந்தச் சின்ன இடத்தில் ஒளிந்துகொள்ள வழியில்லை. பினி அதில் பாடிய வீடியோக்களைப் பாருங்கள். கொலெட், மலோய் இருவரும் எட்டிப் பிடிக்கும் சுரங்களைக் கேட்டால் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும்.

எட்டுப் பேரையும் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

ஒரே நாளில் முடியாது, எனக்கு மூன்று வாரம் ஆனது. ஊரை வைத்து நினைவில் வைத்தேன். ஆயா செபுக்காரர், குழுவில் மூத்தவர். கொலெட் பொஹோல் தீவு. மலோய் பத்தாங்காஸ். க்வென் ஆல்பாய். ஷீனா வடக்கே இசபெலா, கடைக்குட்டி. தலைவி ஜோவன்னா லகூனா மாகாணத்தவர். வயதில் அவர் ஏழாவது, அதாவது ஷீனாவுக்கு அடுத்து இளையவர். ஆனால் பொறுப்பு அவரிடம். அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிடும் ஊர் அது. தன்னைவிட மூத்த ஆத்தேக்களை ஒரு சின்னப் பெண் வழிநடத்துவதைப் பேட்டிகளில் பார்ப்பதே அழகு. ஸ்டேசியையும் மிக்காவையும் முகத்தை வைத்தே பழகிக்கொண்டேன். மிக்காவின் தாழ்ந்த குரலில் ராப் வந்தால் வேறு யாரோடும் குழம்பாது.

170க்கும் மேல் மொழிகள் உள்ள நாடு அது. ஆயாவும் கொலெட்டும் தங்களுக்குள் பிசாயா பேசிக்கொள்வார்கள். மணிலாவில் பிசாயா உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் பழக்கம் நெடுநாளாக உண்டு. இவ்வளவு பெரிய மேடையில் இருந்துகொண்டு அவர்கள் கூச்சமில்லாமல் ஊர்மொழி பேசுவது அங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்திருக்கும்.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

பான்ட்ரோபிகோவில் தொடங்குங்கள், ஆனால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். அது கதவில் கட்டிய தோரணம். அடுத்து சலாமின் சலாமின். சலாமின் என்றால் கண்ணாடி. தான் விரும்புகிறவன் தன்னைக் கவனிப்பானா என்று கண்ணாடியிடம் கேட்கும் பெண்ணின் பாட்டு. அப்புறம் லாகி, 'எப்போதும்' என்று பொருள். பிறகு வேலை முடிந்து களைத்து வரும் ஒரு மாலையில் கரேரா. கடைசியாக, இரவில், ஹுவாக் முனா தாயோங் உமுவி.

ஒரு வேண்டுகோள். முதல் தடவை வீடியோ இல்லாமல் காதால் மட்டும் கேளுங்கள். ஆட்டமும் உடையும் கண்ணை இழுத்துக்கொண்டால் எட்டுக் குரலும் ஒன்று போலத் தோன்றும். காதை மட்டும் கொடுத்தால் யார் எங்கே நுழைகிறார்கள் என்று பிரிந்து தெரியும்.

அவர்களுடைய ஆங்கிலப் பாட்டுகள்?

2024 ஜூலையில் 'செர்ரி ஆன் டாப்', 2025இல் 'ப்ளிங்க் ட்வைஸ்' என்று ஆங்கிலத்தில் வந்தன. உலக மேடைக்குப் போக அது தேவை என்று அவர்கள் நினைப்பது புரிகிறது. பாட்டுகளும் மோசமில்லை, நேர்த்தியாகவே இருக்கின்றன. ஆனாலும் எனக்கு அவை ஒட்டவில்லை. அந்த ஹோட்டல் மேடை ஞாபகம் வந்துவிடுகிறது. குரல் அவர்களுடையது, சொல் வேறு ஊருடையது. 2025இல் வந்த 'ஷாகிடி' கேட்டபோது மனம் குளிர்ந்தது. பிலிப்பைன்ஸ் குழந்தைகள் வட்டமாக நின்று விளையாடும் ஒரு விளையாட்டின் கூப்பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. நொண்டியும் பச்சைக்குதிரையும் விளையாடி வளர்ந்தவர்கள் அதை உடனே புரிந்துகொள்வார்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கலாமா?

தாராளமாக. நான் சொன்ன பாட்டுகளில் முகம் சுளிக்க ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

புகழால் அவர்களுக்குக் கஷ்டம் வந்ததா?

வந்தது. 2024இல் விமான நிலையத்தில் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சொந்த வேலையாகப் போனதற்கே 'தலைக்கனம்' என்று இணையத்தில் திட்டினார்கள். கூட்டம் மொய்த்து நகர முடியாமல் போன சம்பவங்கள் நடந்த சமயம் அது. மூன்று வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத பெண்கள் முகத்தை மூடிக்கொண்டால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. அவர்களும் இருபது வயதைத் தொட்ட பிள்ளைகள். அவர்கள் பாட்டு நமக்கு, ஓய்வு நேரம் அவர்களுக்கு. ரசிகராகப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

பினியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

வேண்டாம், பின்னோக்கிப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். பினியிலிருந்து எஸ்பி19இன் 'மாபா', அம்மா அப்பா இருவரையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிய பாட்டு. அதிலிருந்து பென் அண்ட் பென் குழு. அங்கிருந்து தொண்ணூறுகளின் இரேசர்ஹெட்ஸ் குழு, அதற்கும் பின்னால் ஹாட்டாக், கடைசியில் அனாக்.

பத்து வருடத்துக்கு முன் தோழி அனுப்பிய அந்த மூன்று பாட்டுகளையும் தேடி எடுத்தேன். பாதியில் விட்ட மூன்றாவது பாட்டில் 'தாயோ' இல்லை, 'காமி' இருந்தது. கேட்கிறவரை வெளியே நிறுத்திப் பாடுகிற 'நாங்கள்'. பிரிவுப் பாட்டு என்று அன்று பொதுவாக நினைத்துக்கொண்டேன். யார் உள்ளே, யார் வெளியே என்று இப்போதுதான் கேட்டது.

பிலிப்பைன்ஸ் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேச்சை எப்படித் தொடங்குவது?

உங்கள் அலுவலகத்தில், மருத்துவமனையில், பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் ரோட்டில் லக்கி பிளாசா பக்கம் போனால் போதும். நம்மவர்கள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடுவது போல அவர்கள் அங்கே கூடுவார்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை மாடி வரை நிற்கும். முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள், மணிலாவா என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஊரைச் சொன்னதும், பினியில் உங்கள் ஊர்ப் பெண் யார் என்று கேளுங்கள்.

நான் போன மாதம் அந்த வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாவிடம் அப்படித்தான் கேட்டேன். பொஹோல் என்றார். கொலெட் என்றேன். அவர் ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, போனை எடுத்து, பேத்தி ஆடுகிற வீடியோவைத் தேட ஆரம்பித்தார். அவர் முறை வந்து கவுன்டரில் கூப்பிட்டார்கள். இருங்கள் போ, என்றார்.